ஆய்வுகூடத்தின் திறப்பைத் திருப்பித் தாருங்கள்

அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் விஞ்ஞான ஆசிரியர்கள் எழுதும் திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

இந்தத் தவணை நேரசூசியில் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு விஞ்ஞான இரட்டைப் பாடவேளை இல்லை. 80 நிமிடமாக இருந்தது 40, 40 எனப் பிரிக்கப்பட்டு, அதில் ஒரு பாதி கடந்தகால வினாத்தாள் பயிற்சிக்குப் போய்விட்டது. ஆய்வுகூடத்துக்குள் பரீட்சை மேசைகள் அடுக்கப்பட்டு, கதவு பூட்டப்பட்டிருக்கிறது. செயன்முறைகளை ஸ்மார்ட் போர்டில் காணொளியாகக் காட்டினால் போதும் என்று ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தீர்கள். விஞ்ஞானம் கற்பிக்கும் எங்களிடம் அதற்கு முன்னர் எதுவும் கேட்கப்படவில்லை. இந்தத் தீர்மானத்தை எங்களால் ஏற்க முடியாது. ஏன் முடியாது என்பதை, நீங்களே மேசையில் வைத்துச் செய்துபார்க்கக்கூடிய அளவுக்கு விபரமாக எழுதுகிறோம்.

ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, அதன்மேல் கவிழ்த்த ஜாம் போத்தல். சிறிது நேரத்தில் சுடர் அணையும். நீர் போத்தலுக்குள் ஏறும். "எரிவதற்கு ஒட்சிசன் செலவாகிவிட்டது, அந்த இடத்தை நீர் நிரப்பியது, ஆகவே வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன்" என்று காணொளி சொல்லி முடிக்கும். மூன்று நிமிடம் போதும். பிள்ளைகள் அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அந்த விளக்கம் பிழை.

இதைத் தன் கையால் செய்யும் பிள்ளைக்கு அந்தப் பிழை கண்ணில் படும். சுடர் எரியும்போது நீர் ஏறுவது மிகக் குறைவு. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஒட்சிசன் செலவானதுதான் காரணம் என்றால் எரியும்போதே அல்லவா ஏற வேண்டும்? போத்தலைக் கவிழ்க்கும் நேரத்தில் விளிம்பு வழியே குமிழிகள் வெளியேறுவதையும் பக்கத்தில் குனிந்து பார்ப்பவர் காண்பார். அடுத்து, அதே போத்தலைக் கொண்டு ஒரு மெழுகுதிரிக்குப் பதிலாக மூன்றை மூடினால் நீர் இன்னும் உயரமாக ஏறும். போத்தலுக்குள் இருக்கும் ஒட்சிசனின் அளவு மாறவில்லை. நீர் மட்டம் மட்டும் ஏன் மாறியது? நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் இந்தக் கேள்வி எழும் நிமிடம்தான் அந்தப் பாடம்.

அந்த இடத்தில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. "மெழுகுதிரியே இல்லாமல் நீரை ஏறச் செய்யலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட வேண்டும். போத்தலுக்குள் சுடுநீர் ஊற்றி, அரை நிமிடம் வைத்து, வெளியே கொட்டி, உடனே தட்டு நீரில் கவிழ்த்துப் பார்க்கலாம் என்ற யோசனை ஏதாவதொரு குழுவில் வரும். வராவிட்டால் சுடுநீர்க் கேத்தலை மேசையில் வைத்தால் போதும். எதுவும் எரியவில்லை, ஆனாலும் நீர் ஏறுகிறது. சூடான வளி விரிந்து ஒரு பகுதி வெளியேறியது, மிஞ்சியது குளிர்ந்து சுருங்கியது என்ற விளக்கத்தைப் பிள்ளைகள் தாங்களே கட்டி எழுப்புகிறார்கள். உயர் வகுப்பு என்றால் இன்னொரு படி போகலாம். 25 காபன் அணுக்கள் கொண்ட மெழுகு மூலக்கூறு ஒன்று முழுமையாக எரிய 38 ஒட்சிசன் மூலக்கூறுகள் தேவை. அதிலிருந்து 25 காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் வெளிவரும். அதாவது போன வாயுவின் இடத்தில் பெரும்பகுதியை வந்த வாயு பிடித்துக்கொள்கிறது. சுடர் அணையும்போது போத்தலில் இன்னமும் கணிசமான ஒட்சிசன் எஞ்சியிருக்கும். ஐந்திலொரு பங்கு என்ற கணக்கு இங்கே எப்படியும் நிற்காது.

இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பாருங்கள். பொருள் பகிர்ந்து மேசையை ஒழுங்குபடுத்த 10 நிமிடம். ஒரு மெழுகுதிரியுடன் மூன்று தடவை செய்து உயரம் அளக்க 15. இரண்டு, மூன்று மெழுகுதிரிகளுடன் 20. சுடுநீர்ப் போத்தல் 10. எல்லாக் குழுக்களின் அளவீடுகளையும் கரும்பலகையில் எழுதி வாதிட 15. கழுவித் துடைத்து அடுக்க 10. மொத்தம் 80. இதையே 40 நிமிடத்தில் தொடங்கினால் மணி அடிப்பது ஒரு மெழுகுதிரியைச் செய்து முடித்த இடத்தில், அதாவது பிழையான முடிபு கையிலிருக்கும் நேரத்தில். மிச்சத்தை அடுத்த நாள் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஈரத் தட்டும் பாதி எரிந்த திரியும் காத்திருக்கும். பிள்ளையின் கேள்வி காத்திருக்காது.

ஐந்திலொரு பங்கு என்பதை உண்மையாகவே காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதற்குச் சுடரே தேவையில்லை. 15 சென்ரிமீற்றர் சோதனைக் குழாய்க்குள் சுமார் ஒரு கிராம் உருக்குக் கம்பளியைத் தளர்வாக அடியில் செருகி, நீருள்ள முகவையில் குழாயைக் கவிழ்த்து நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே கம்பளி இல்லாத இன்னொரு குழாய், ஒப்பீட்டுக்கு. கம்பளி துருப்பிடிக்க, நீர் மெல்ல ஏறி, 3 சென்ரிமீற்றரை ஒட்டி நின்றுவிடும். கம்பளியில் துருப்பிடிக்காத இரும்பு தாராளமாக மிஞ்சியிருந்தும் நீர் ஏன் நின்றது என்று கேளுங்கள். தீர்ந்துபோனது இரும்பல்ல, வளியிலுள்ள ஏதோ ஒன்று என்ற முடிவுக்கு ஆறாம் தரப் பிள்ளையும் வந்துவிடும். குழாயின் வாயைக் கட்டைவிரலால் நீருக்குள்ளேயே மூடி நிமிர்த்தி, எரியும் ஈர்க்கொன்றை உள்ளே விட்டால் அது அணைந்துவிடும்.

இதில் எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழைத்த ஒரு தடவையை வைத்தே "இதெல்லாம் சரிவராது" என்று ஆய்வுகூடங்கள் மூடப்படுகின்றன. சட்டி தேய்க்கும் சுருள் கம்பி பெரும்பாலும் கறை படியாத உருக்கு; கிழமைக்கணக்கில் வைத்தாலும் துருப்பிடிக்காது. ஹாட்வெயார் கடையில் மெல்லிய ஸ்டீல் வூல் என்று கேட்டு வாங்க வேண்டும். அதிலும் துருவைத் தடுக்கும் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். இரண்டு நிமிடம் வினாகிரியில் ஊறவைத்து, பிறகு நீரில் நன்றாக அலசி உதற வேண்டும். வினாகிரி மிஞ்சினால் இரும்புடன் தாக்கமுற்று ஐதரசனை வெளிவிட்டு நீர் மட்டத்தைக் கீழே தள்ளக்கூடும். திங்கட்கிழமை இரட்டைப் பாடவேளையில் அமைத்தால் செவ்வாய், புதன் இடைவேளைகளில் பிள்ளைகள் வந்து அளவு எடுக்கலாம். அறை திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அளத்தல் என்றால் என்ன என்பதைக் காணொளி ஒருபோதும் கற்றுத்தராது. ஒரு மீற்றர் நூலில் வொஷர் கட்டிய ஊசல் 10 முறை அலைய ஏறத்தாழ 20 செக்கன் எடுக்கும். முதல் தடவை செய்யும் வகுப்பில் பல குழுக்களுக்கு 18 செக்கன் வரும். கையை விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவதுதான் காரணம். உண்மையில் அளந்தது ஒன்பது அலைவுகள். "சுழியம்" என்று சொல்லித் தொடங்கினால் சரியாகிவிடும். இதை ஆசிரியர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டால் பிள்ளை கீழ்ப்படியும், அவ்வளவுதான். 18, 20, 18, 20 என்று கரும்பலகையில் இரண்டு கூட்டமாக அளவீடுகள் நிற்பதைப் பார்த்து "இடையில் 19 ஏன் ஒருவருக்கும் வரவில்லை?" என்று வகுப்பே தேடிக் கண்டுபிடித்தால், அந்தப் பிள்ளை பிறகு எந்தக் கருவியை எடுத்தாலும் சுழியத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாசிப்பை எடுக்கும்.

அதே ஊசலில் திணிவின் பாதிப்பைத் தேடும்போது இன்னொரு பொறி. வொஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக நூலில் கோத்தால் அவற்றின் மையம் மேலே நகர்ந்து ஊசலின் நீளம் குறையும். அலைவு காலமும் சற்றுக் குறையும். "பாரம் கூடினால் வேகமாக ஆடும்" என்ற முடிபு வந்துவிடும். எல்லா வொஷர்களையும் ஒரே கொக்கியில் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். பயறு முளைக்கும் பரிசோதனையிலும் இதுதான் கதை. ஒரு கிண்ணத்தை யன்னலிலும் மற்றதைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்துவிட்டு வெப்பநிலைதான் காரணம் என்று எழுதுவார்கள். பெட்டிக்குள் இருட்டும் இருக்கிறதே. யன்னல் கிண்ணத்தைக் கறுப்புத் தாளால் மூடினால்தான் ஒப்பீடு நியாயமாகும். சாராமாறி (நாம் மாற்றுவது), சார்மாறி (அதனால் மாறுவது), கட்டுப்படுத்தும் மாறி (மாறாமல் வைத்திருப்பது) என்ற மூன்று சொற்களையும் மனனம் செய்வித்து எந்தப் பயனும் இல்லை. தான் செய்த ஒப்பீட்டில் ஓட்டை விழுந்து, அதைப் பக்கத்து மேசைப் பிள்ளை சுட்டிக்காட்டும்போதுதான் அவை அர்த்தம் பெறுகின்றன.

காணொளி இங்கே இன்னொரு விதத்திலும் பொருந்தாது. நிழல் பற்றிய பாடத்தை எடுங்கள். வட நாடுகளுக்கென்று செய்த காணொளியில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். கொழும்பு வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இங்கே ஏப்ரல் 7ஐ ஒட்டிய நாட்களிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிமிர்த்திய கோலுக்கு நிழலே இருக்காது. அதுவும் 12 மணிக்கல்ல, 12.10ஐ ஒட்டி, ஏனென்றால் நமது கடிகாரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு வைக்கப்பட்டது, கொழும்போ அதற்கு மேற்கே 80 பாகைக்கு அருகில் இருக்கிறது. அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் 21இல் ஒரு மீற்றர் கோலின் நிழல் தெற்கே சுமார் 30 சென்ரிமீற்றர். டிசெம்பர் 22இல் வடக்கே சுமார் 59. முற்றத்தில் ஒரு தும்புத்தடிக் கம்பும் சோக்கட்டியும் இருந்தால் பிள்ளைகள் இதை மாதாமாதம் தாங்களே அளந்து வரையலாம். தம் காலடியில் இருக்கும் உண்மையைத் திரையில் வரும் வேறு ஊரின் நிழலுக்காக இழக்க வேண்டுமா?

மொழியையும் யோசியுங்கள். தமிழில் கிடைக்கும் காணொளிகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் இருக்கின்றன. அங்கே ஒளிச்சேர்க்கை, நமது பாடநூலில் ஒளித்தொகுப்பு. அங்கே ஆக்சிஜன், துத்தநாகம், நுண்ணோக்கி. இங்கே ஒட்சிசன், நாகம், நுணுக்குக்காட்டி. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே பொருளுக்குத் திரையில் ஒரு பெயரும் புத்தகத்தில் இன்னொரு பெயரும் கேட்டுவிட்டுப் பரீட்சை மண்டபத்தில் தடுமாறுகிறது. பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு பெயரைக் கற்ற பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராகக் கூட்டத்தில் சொல்லப்பட்டவற்றுக்கும் பதில் தருகிறோம்.

பெறுபேறு குறையும் என்றீர்கள். சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞான வினாத்தாளை விரித்துப் பாருங்கள். பரிசோதனை அமைப்பொன்றின் படத்தைத் தந்து, இதில் எதை மாற்ற வேண்டும், எதை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும், இந்த அவதானத்துக்குக் காரணம் என்ன என்று கேட்கும் வினாக்கள் வருடா வருடம் வருகின்றன. பாடத்திட்டமும் எங்கள் பக்கமே நிற்கிறது. 2007இல் தரம் 6, 10 ஆகியவற்றில் தொடங்கிய சீர்திருத்தத்தோடு தேசிய கல்வி நிறுவகம் தந்த ஆசிரியர் வழிகாட்டிகள், ஆங்கிலத்தில் E என்ற எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளைக் கொண்டதால் ஐந்து 'ஈ' என்று சுருக்கிச் சொல்லப்படும் முறையில் அமைந்தவை: ஈடுபடல், தேடிக் கண்டறிதல், விளக்கம், விரிவாக்கம், மதிப்பீடு. இதில் தேடல் விளக்கத்துக்கு முன்னால் வருகிறது. காணொளியில் தேடலே இல்லை. விளக்கம் மட்டும் இருக்கிறது.

பிள்ளைகளைச் சும்மா விட்டால் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது. சும்மா விட்டால் என்பது வரை அது சரி. குறைந்த வழிகாட்டலோடு புதியவர்களைக் கண்டறியச் சொல்வது பயன் தராது என்று கிர்ஷ்னர், ஸ்வெலர், கிளார்க் ஆகிய ஆய்வாளர்கள் 2006இல் வாதிட்டார்கள். அதை நாங்கள் பொருட்படுத்துகிறோம். அதனால்தான் ஆறாம் தரத்தில் கேள்வியையும் செய்முறையையும் ஆசிரியர் தருகிறார், முடிபு மட்டும் பிள்ளையுடையது. ஏழாம், எட்டாம் தரத்தில் கேள்வியைத் தந்து செய்முறையைப் பிள்ளையே வகுக்க விடுகிறோம். ஒன்பதாம் தரத்தில் கேள்வியும் பிள்ளையுடையதாகலாம். சுடுநீர்க் கேத்தலை எந்த நிமிடத்தில் மேசையில் வைப்பது என்று தெரிந்திருப்பதுதான் வழிகாட்டல். அதற்கு ஆசிரியர் அறைக்குள் நடமாட வேண்டும். திரைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். இலையில் மாப்பொருள் சோதிக்கும் செயன்முறையே அதிக ஆபத்துள்ளது, மதுசாரம் எளிதில் தீப்பற்றும் என்பதால். எதைல் மதுசாரம் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். எனவே சுடருக்கு வேலையே இல்லை. 48 மணி நேரம் இருட்டில் வைத்து, பிறகு ஒரு பாதியை மூடி வெயிலில் வைத்த செவ்வரத்தை இலையை ஒரு நிமிடம் கொதிநீரில் இட்டு, மதுசாரமுள்ள கொதிகுழாய்க்குள் போட்டு, அந்தக் குழாயைக் கேத்தலிலிருந்து ஊற்றிய சுடுநீர் முகவையில் நிறுத்தினால் பச்சையம் கரைந்து வெளியேறும். அறையில் அந்த நேரத்தில் மெழுகுதிரியோ விளக்கோ எரியக் கூடாது. நிறம் நீங்கிய இலை முறுகி உடையும்; இளஞ்சூட்டு நீரில் தோய்த்து மென்மையாக்கிய பிறகே அயடீன் இட வேண்டும். மா இலை போன்ற தடித்த இலையைத் தெரிந்தால் நிறம் சரியாக நீங்காது, பிள்ளைகள் பொறுமையிழந்து சூட்டைக் கூட்டப் பார்ப்பார்கள். விபத்து வருவது அங்கேதான். ஆபத்தைக் குறைப்பது இப்படியான அறிவு. அறையைப் பூட்டினால் அந்த அறிவும் ஆசிரியரோடு ஓய்வுபெற்றுப் போய்விடும்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் கிழமைக்கு ஒரு தடவை, பிரிக்கப்படாத 80 நிமிட விஞ்ஞானப் பாடவேளையை அடுத்த தவணைக்குக் காத்திராமல் இந்தத் தவணையிலேயே மீண்டும் தாருங்கள். வினாத்தாள் பயிற்சி வேண்டுமென்றால் மற்றப் பாடவேளைகளுக்குள் அதைச் செய்ய நாங்கள் உடன்படுகிறோம்.

ஆய்வுகூடத்திலிருந்து பரீட்சை மேசைகளை அகற்றுங்கள். திறப்பு அலுவலகத்தில் ஒன்றும் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒன்றும் இருக்கட்டும். செறிந்த அமிலங்களும் மதுசாரமும் உள்ள அலுமாரிக்கு மட்டும் தனிப் பூட்டு. இடைவேளையில் பிள்ளைகள் வந்து அளவு எடுக்கும்போது ஓர் ஆசிரியர் கட்டாயம் உடனிருப்பார். அந்த முறைப்பட்டியலை நாங்களே தயாரித்துத் தருவோம்.

40 பேர் கொண்ட வகுப்புக்கு, நால்வர் கொண்ட 10 குழுக்களுக்கென, தவணை தொடங்கும்போதே பொருட்கள் வேண்டும்: ஒரே அளவான ஜாம் போத்தல் 10, தட்டு 10, கட்டை மெழுகுதிரி 40, சோதனைக் குழாய் 24, முகவை 10, மெல்லிய உருக்குக் கம்பளி 20 கிராம், வினாகிரி ஒரு போத்தல், நூல் 15 மீற்றர், வொஷர் 50, பயறு 250 கிராம், நிறுத்தற் கடிகாரம் 10. போத்தலையும் தட்டையும் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். மற்றவற்றை அபிவிருத்திச் சங்க நிதியிலிருந்து வாங்கித் தாருங்கள். இதைவிட அவசரமாக 40 பாதுகாப்புக் கண்ணாடிகள், ஒரு மணல் வாளி, ஒரு தீப்போர்வை, வேலைசெய்யும் ஒரு தண்ணீர்க் குழாய் ஆகியவை வேண்டும். இந்த நான்கும் கிடைக்கும்வரை சுடரும் மதுசாரமும் உள்ள செயன்முறைகளை நாங்கள் தொடங்க மாட்டோம். ஊசல், நிழல், பயறு, எரியும் ஈர்க்கு விடும் கடைசிப் படி தவிர்ந்த உருக்குக் கம்பளி ஆகியவற்றுக்குத் தடையில்லை.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அழகாக எழுதிய செயன்முறைக் கொப்பிக்குப் புள்ளி வழங்குவதை நிறுத்த அனுமதியுங்கள். பிள்ளை கேட்ட கேள்வி, வெட்டித் திருத்தாத முதல் அளவீடு, எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஏன் வேறுபட்டன என்று அது எழுதிய விளக்கம் ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்குவோம். 18 செக்கன் என்று எழுதி அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு, பக்கத்து மேசையைப் பார்த்து 20 என்று எழுதிய பிள்ளையைவிட அதிகப் புள்ளி கிடைக்க வேண்டும்.

ஸ்மார்ட் போர்ட் இருக்கட்டும். எரிமலை, கோள்களின் அசைவு, கலப்பிரிவு போன்று ஆய்வுகூட மேசைக்கு வராதவற்றுக்கு அதைப் பயன்படுத்துவோம். கையால் செய்யக்கூடிய எதற்கும் காணொளி மாற்றாகாது என்று நேரசூசிக் குறிப்பில் எழுத்தில் சேர்த்துத் தாருங்கள்.

இவற்றுக்கான பதிலை இரண்டு கிழமைகளுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அதற்கு முன்னர் நீங்களும் சங்க உறுப்பினர்களும் ஒரு நாள் 80 நிமிடம் ஒதுக்கி வாருங்கள். தட்டும் போத்தலும் மூன்று மெழுகுதிரிகளும் உங்கள் மேசையிலும் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள்
கொழும்பு